மோட்டார் அக்காவும் பல் டாக்டரின் கிராமபோனும்

வலது கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடிப்போன நிலையில் மோட்டார் அக்கா பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் இருந்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் வலிதான் பெரிய வலி என்ற முகத்தோடு இருந்தார்கள். அக்காவும் அப்படித்தான் இருந்தாள். மூலையில் நின்ற அலமாரி கிராமபோனை உதவியாளர் பெண் முறுக்கி ஓடவிட்டாள். அது ஓட ஆரம்பித்ததும் அக்காவுக்குத் தன் வாயில் பல் இருப்பதே மறந்துபோயிற்று.

கிராமபோன் முனகியது. பாட்டுக்கு அடியில், தகரத்தை நகத்தால் சுரண்டுவது போல ஒரு சத்தம். மற்றவர்கள் காதுக்கு அது எட்டியிருக்காது. எட்டியிருந்தாலும் பழைய சாமான் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருப்பார்கள். அக்காவால் விட முடியவில்லை. அதன் மோட்டாரைப் போன வருஷம் கழற்றிப் பூட்டியவள் அவள்தான். அவள் கையை விட்டுப் போகும்போது, ஓடுகிறதா நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு அமைதியாக ஓடியது.

இந்த இடத்தில் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. தெரு முழுக்க அவள் மோட்டார் அக்காதான். விவரம் தெரியாமல் சிலர் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று வந்து நிற்பார்கள். "அது கரண்ட்ல ஓடுறது. நான் பாக்கறது கையால முறுக்கிவிட்டா ஓடுறது" என்று சொல்லி அனுப்புவாள். போகிறவர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே போவார்கள்.

ஆரம்பத்தில் அவள் வேலை பார்த்தது ஒரு தையல் மெஷின் ரிப்பேர் கடையில். ஒருநாள் யாரோ ஒரு பழைய கிராமபோனைக் கொண்டுவந்து வைத்தார்கள். முதலாளி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஸ்பிரிங் டப்பாவுல யாரும் கை வைக்காதீங்க" என்று எச்சரித்துவிட்டு வெளியே போனார். கை வைக்காதே என்று சொன்னால் கேட்கிற பிறவியா அவள்? டப்பாவைத் திறந்தாள். உள்ளே சுருண்டு கிடந்த எஃகுப் பட்டை பாம்பாகச் சீறி வெளியே வந்து புருவத்தைக் கிழித்தது. ரத்தம் வழிய வழிய அவள் அந்தப் பட்டையை விரித்துத் துடைத்து, அது எப்படிச் சுற்றியிருந்தது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். முதலாளி திரும்பி வந்து தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து கிராமபோன் எது வந்தாலும் அது அவள் மேஜைக்குத்தான் போயிற்று.

கிராமபோனுக்குப் பலம் ஸ்பிரிங், ஒழுக்கம் கவர்னர் என்பாள். முறுக்கிய ஸ்பிரிங்கைச் சும்மா விட்டால் ஒரே ஓட்டமாக ஓடித் தீர்த்துவிடும். அதை ஒரே வேகத்தில் பிடித்து வைப்பது கவர்னர்: சுழலும் ஒரு தண்டு, அதைச் சுற்றி மூன்று சின்னக் குண்டுகள், அழுத்திப் பிடிக்க எண்ணெயில் ஊறிய ஒரு தோல் துண்டு. அந்த மூன்று குண்டுகளில் ஒன்று ஒரு மயிரிழை தள்ளி இருந்தாலும் மோட்டார் முனகும். அதைச் சரி செய்ய அவள் எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வாள். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டார் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பாள். சத்தம் அடங்கிய பிறகுதான் அது வீட்டை விட்டு வெளியே போகும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா அப்பா அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தம்பி அரைக்கால் சட்டை போட்ட பையன். அவனைப் படிக்க வைத்தாள், ஆளாக்கினாள். தம்பிக்காகத் தியாகம் செய்தவள் என்று யாராவது ஆரம்பித்தால் எரிந்து விழுவாள். "தியாகமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. வந்தவங்க யாரையும் எனக்குப் பிடிக்கல" என்பாள். தம்பியை மட்டும் பிடிக்கும். அவன் விஷயத்தில் அவளுக்குக் கண் மண் தெரியாது.

தம்பி வாய் உள்ள பிள்ளை. எத்தனையோ தொழில் செய்து எல்லாவற்றிலும் கையைச் சுட்டுக்கொண்டு, கடைசியில் பெரிய தெருவில் கண்ணாடிக் கதவு போட்டுப் பழம்பொருள் கடை வைத்தான். கடிகாரம், கேமரா, கிராமபோன். கிராமபோன்தான் சக்கைப்போடு போட்டது, காரணம் அக்காவின் வேலை. இந்த ஊரில் கிராமபோன் வைத்திருக்கிற எல்லோருக்கும், மோட்டார் அக்கா தொட்ட மெஷின் என்றால் தனி மரியாதை. அவளுக்கென்று இருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான். சாப்பாட்டுக்கு அடுத்தபடி என்றுகூடச் சொல்ல முடியாது. சாப்பாட்டை மறந்த நாள் உண்டு.

போன வருஷ ஆரம்பத்தில் தம்பி வீட்டுக்கு வந்து, "ஏன்க்கா, இந்த வயசுல நீ எதுக்கு அலமாரிய எல்லாம் இழுத்துக்கிட்டு இருக்கணும்? நானே மோட்டார மட்டும் கழட்டிக் கொண்டாந்து தர்றேன். சரி பண்ணிக் கொடு, நானே கொண்டுபோய் மாட்டிடறேன். ஆளுங்ககிட்ட பேசற தொல்லையும் உனக்கு வேணாம்" என்றான். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வளர்த்த பிள்ளை வீண்போகவில்லை என்று அன்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அதற்குப் பிறகு ஊரும் அவளிடம் ஒரு தினுசாகப் பிரியம் காட்ட ஆரம்பித்தது. பழைய வாடிக்கையாளர்கள் வழியில் பார்த்தால் நின்று, சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். தையல்காரர் ஒருவர் அவள் கையிலிருந்த பையை வாங்கி வீடு வரைக்கும் தூக்கி வந்தார். யாரும் மெஷினைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. வயசானால் ஊர் இப்படித்தான் தாங்கும் போலிருக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அவளுக்கு ஒன்றும் அப்படி வயசாகிவிடவும் இல்லை.

சரி, காத்திருப்பு அறைக்கு வருவோம். பாட்டு பாதியிலேயே இழுக்க ஆரம்பித்தது. உதவியாளர் பெண் ஓடிவந்து மறுபடி முறுக்கினாள். ஒரு இசைத்தட்டு முடிவதற்குள் இன்னொரு முறுக்கு! அக்கா எழுந்தாள். நேரே போய் வீங்காத கன்னத்தை அலமாரியின் பக்கப் பலகையில் ஒட்டிக்கொண்டு நின்றாள். உட்கார்ந்திருந்தவர்கள் அவளுக்கு வலி தலைக்கேறிவிட்டது என்று பார்த்தார்கள்.

"அம்மா, என்ன பண்றீங்க?" என்றாள் உதவியாளர் பெண்.

"இந்தப் பலகையத் தூக்கணும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?"

"இது பல்லு பாக்கற எடம்மா."

"அப்ப ஒரு கத்தியாவது இருக்குமில்ல?"

அந்தப் பெண் பயந்துபோய் உள்ளே ஓடினாள். அக்கா காத்திருக்கவில்லை. பையிலிருந்த சாவியின் முனையால் ஸ்க்ரூக்களைத் திருகி, தட்டுப் பலகையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே இருந்தது அவள் தொட்ட மோட்டார் இல்லை. பளபளவென்று பூச்சுப் பூசிய புது மோட்டார், மெல்லிய தகரச் சக்கரங்கள், ஒற்றை ஸ்பிரிங். பொம்மை வண்டிக்குப் போடுகிற சரக்கு. டாக்டரின் பழைய மோட்டாருக்கு இரண்டு ஸ்பிரிங். அதன் பெரிய சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருந்தது. பித்தளைத் துண்டில் அதே அளவுக்குப் பல் ஒன்றை அராவி, பற்றவைத்து, மற்ற பற்களோடு வித்தியாசம் தெரியாமல் தேய்த்துச் சேர்த்திருந்தாள். அந்த வேலையைச் செய்தபோது டாக்டரே ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "நாம ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

டாக்டர் முகமூடியைக் கீழே இழுத்தபடி வெளியே வந்தார். திறந்து கிடந்த பலகையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது. திருட்டில் கையும் களவுமாகப் பிடிபட்டவர் முகம் போல இருந்தது அது. உதவியாளர் பெண்ணை உள்ளே அனுப்பிவிட்டு, அக்காவை ஓரமாக அழைத்துப்போய் உட்காரவைத்தார்.

"உங்களுக்குத் தெரிய வேணாம்னுதான் இருந்தேன்" என்றார்.

"இது என் மோட்டார் இல்ல டாக்டர்."

"தெரியும்மா. உங்க தம்பி எல்லாம் சொன்னாரு."

"என்ன சொன்னான்?"

டாக்டர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய மெதுவான குரலில் சொன்னார். "பழசு உங்க கைல... கொஞ்சம் உடைஞ்சுபோச்சுன்னாரு. கை நடுக்கம் வந்துருச்சு, கண்ணும் சரியில்ல, ஆனா வேலைய நிறுத்தச் சொன்னா அக்கா மனசு விட்டுருவாங்க, அதனால நானே என் செலவுல புது மோட்டார் வாங்கிப் போட்டுட்டேன், அக்காகிட்ட மட்டும் காட்டிக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு. எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பாங்க?" பிறகு அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "என் கைக்கும் ஒருநாள் அது வரத்தானே போகுது" என்றார்.

தையல்காரர் பையைத் தூக்கி வந்தது, எல்லோரும் சத்தமாகப் பேசியது, மெஷின் பேச்சே எடுக்காதது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அக்காவின் கண்முன் வந்து நின்றன. ஊர் பூராவும் அவள் கைக்குத் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறது, அவளுக்கு மட்டும் தெரியாமல். பல்லைக் காட்டாமலே எழுந்து வெளியே நடந்தாள். டாக்டர் பின்னாலேயே வந்து படியில் பார்த்து இறங்கச் சொன்னார்.

தம்பியின் கடை அங்கிருந்து நடக்கிற தூரம்தான். கல்லாவில் தம்பி மனைவி இருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே, "அண்ணி, முதல்ல உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். என்ன விஷயம் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததிலேயே அக்காவுக்குப் புரிந்துபோயிற்று, இவளுக்கும் தெரியும் என்று.

அக்கா நேரே பின்கட்டுக்குப் போனாள். தம்பி அங்கே வைக்கோலும் காகிதமும் திணித்து மரப்பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். திறந்திருந்த பெட்டிகளில் மோட்டார்கள். ஒவ்வொன்றும் அவள் கழுவித் துடைத்து, கிரீஸ் வைத்து, காதை வைத்துக் கேட்டு அனுப்பியது. பெற்ற பிள்ளைகளை அநாதை விடுதியில் பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு. டாக்டருடையதைத் தேட வேண்டியிருக்கவில்லை. பெரிய சக்கரத்தில் ஒரு பல் மட்டும் மற்றதைவிட மஞ்சளாக இருந்தது.

தம்பி மறுக்கவில்லை. மறுத்திருந்தாலாவது கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

"அக்கா, வெளிநாட்டுல சேகரிக்கறவங்க இந்தப் பழைய மோட்டாருக்குத்தான் உயிரை விடறாங்க. இங்க இருக்கறவங்களுக்குப் பாட்டு வந்தாப் போதும். எதால வருதுன்னு யாரு உள்ள எட்டிப் பாக்கறாங்க? யாருக்கும் நஷ்டமில்லக்கா."

"மோட்டார எடுத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். என் கைய ஏன்டா சொன்னே?"

"வேற என்னத்தச் சொல்றது? புதுசு பழசு மாதிரி ஓடாது. ஏன் முனகுதுன்னு கேப்பாங்க. ஒரு காரணம் வேணுமில்ல?" என்றான். கடைக்கு ஒரு விளம்பரப் பலகை தேவைப்பட்டது, மாட்டினேன் என்பதுபோல இருந்தது அவன் பேச்சு. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "யாரும் உன்மேல கோவப்படலையேக்கா. எல்லாரும் பாசமாத்தானே இருக்காங்க?"

அக்காவுக்கு அழுகை வந்தது. அதை அவன் முன்னால் காட்டக்கூடாது என்று மோட்டாரை எடுத்துப் பைக்குள் வைத்தாள். இவன் அரைக்கால் சட்டையோடு நின்றபோது இவனுக்காக அவள் பார்த்த வேலை அத்தனையும் இந்தக் கையால் பார்த்தது. அந்தக் கையையே எடுத்து விற்றிருக்கிறான். திருடனை மன்னித்துவிடலாம் போலிருந்தது. திருடிவிட்டுப் பரிதாபப்படுகிறவனாக வேஷம் போட்டதை அவளால் தாங்க முடியவில்லை.

"இப்பவே நான் டாக்டர்கிட்டப் போறேன். இத மாட்டப் போறேன். நீ வந்து உன் வாயால சொல்லணும். அக்கா கைல ஒண்ணும் கோளாறு இல்ல, நான்தான் மாத்தினேன்னு சொல்லணும். டாக்டர்ட்ட மட்டும் சொன்னாப் போதும், ஊருக்கு அவரு சொல்லிக்குவாரு."

தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சின்ன வயதில் தப்புச் செய்துவிட்டு நிற்கும்போதும் அப்படித்தான் நிற்பான். "சரிக்கா. நானே சொல்லிடறேன். வண்டியில ஏறு, பல்லும் காட்டிடலாம்" என்றான். மோட்டார் கனம் என்று பையை வாங்கிக்கொண்டான். அவளும் நம்பினாள். வேறு என்னவென்று சொல்வது, மறுபடியும் நம்பினாள்.

கூட்டம் போய்விட்டிருந்தது. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அக்கா தொண்டையைச் செருமித் தம்பியைப் பார்த்தாள். தம்பி பையைத் திறந்து மோட்டாரை மேஜைமேல் வைத்தான்.

"பழைய மோட்டார் டாக்டர். வெளியூர்ல ஒரு நல்ல ஆள்கிட்டக் கொடுத்து, உடைஞ்சதெல்லாம் சரி பண்ணி வாங்கிட்டேன். இந்தப் பல்லு பாருங்க, எப்படி வச்சிருக்கான்! அக்காவுக்கு மனசு ஆறட்டும்னு அவங்க கையாலயே கொண்டுவரச் சொன்னேன்."

டாக்டர் அந்தப் பல்லைப் பார்த்து, "அற்புதமான வேலை" என்றார்.

அக்கா மேஜையை நெருங்கினாள். "பொய்" என்றாள். வீங்கிய வாயில் அது சரியாக வரவில்லை. மறுபடி சொன்னாள். "பொய் டாக்டர். அது நான் வச்ச பல்லு. நீங்களே வந்து பாத்தீங்களே! இவன் திருடன். எல்லாரு மோட்டாரையும் எடுத்துட்டான். கடைக்கு வாங்க, காட்டறேன். பெட்டி பெட்டியா வச்சிருக்கான்." வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு குழறி விழுந்தன. எச்சில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள்.

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார். தம்பி மெல்லத் தலையை ஆட்டினான். இதைத்தான் சொன்னேன் என்று அர்த்தம். அவன் கண் கலங்கிக்கூட இருந்தது. அந்தக் கண்ணீரைப் பற்றி யாரிடம் போய் முறையிடுவது?

"நீங்க வச்ச பல்லுதான் அப்புறம் உடைஞ்சுபோச்சேம்மா, உங்களுக்கு ஞாபகம்..." என்று ஆரம்பித்த டாக்டர், "இருக்கட்டும்மா, இருக்கட்டும்" என்று முடித்துக்கொண்டார்.

அக்காவுக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. வாய் பேசாவிட்டால் போகட்டும், கை பேசும். பொம்மை மோட்டாரைத் தட்டோடு கழற்றி இதை மாட்டி, ஒரு சத்தமுமில்லாமல் ஓடவிட்டுக் காட்டினால் டாக்டருக்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கண்ணைக் கட்டிவிட்டால்கூட அவளால் செய்ய முடிகிற வேலை. தம்பி கொண்டுவந்திருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கிக்கொண்டு கிராமபோன் முன்னால் நின்றாள். மூடியைத் திறந்தாள். அவள் தூக்கிப்போட்ட பலகையை உதவியாளர் பெண் மறுபடி பூட்டி வைத்திருந்தாள். முதல் ஸ்க்ரூமேல் நுனியை வைத்தாள்.

நுனி நிற்கவில்லை. ஸ்க்ரூவின் தலையிலிருந்து வழுக்கிப் பலகையில் ஒரு கோடு கிழித்தது. மறுபடி வைத்தாள். மறுபடி வழுக்கியது. தன் கையைப் பார்த்தாள். தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் கை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்க ஏறிய ஆத்திரம் இறங்க வேறு இடமில்லாமல் அங்கே வந்து சேர்ந்திருந்தது. பிறந்ததிலிருந்து அந்தக் கை ஒருநாளும் இப்படி ஆடியதில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். இரண்டும் சேர்ந்து ஆடின.

"இது கோவத்துல டாக்டர்" என்றாள். "நடுக்கமில்ல. கோவம்."

ஸ்க்ரூ டிரைவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உருண்டது. டாக்டர் குனிந்து அதை எடுத்தார். அவள் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையை ஒரு நிமிஷம் மென்மையாகப் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரைத் தம்பியிடம் கொடுத்தார்.